அம்ருதவல்லியின் இரண்டு குரல்கள்

பெருமாளுக்குப் பூஜை செய்யும் அறைக்குள்ளிருந்து ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து வர வேண்டிய பாட்டு வரவில்லை.

கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கிருஷ்ணவேணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கையிலிருந்த நோட்டில் 5.07 என்று எழுதிக்கொண்டாள்.

“போயிடுத்தும்மா,” என்றது சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அம்ருதவல்லி மாமியின் குரல். “சிவப்புப் பட்டன் சாம்பல் கலராயிடுத்து. நேத்திக்கு மாதிரியே.”

“அப்பிடியே வெச்சிக்கினு இருங்க மாமி. எதையும் அழுத்தாதீங்க.”

“அழுத்தினாத்தான் என்ன, அது கேக்கவா போறது.”

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் மதிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த வீட்டில், மாமியின் கணவர் பராங்குசம் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். தபால் இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“எங்க காலத்துல தந்திக் கம்பி அறுந்தா, எங்கே அறுந்ததுன்னு சைக்கிள்ல ஆள் அனுப்பிப் பாப்போம்,” என்றார். “இதுல கம்பியே கிடையாது. நீ எங்கேன்னு போய்ப் பாப்பே?”

“அதத்தான் சார் நானும் யோசிச்சிக்கினு இருக்கேன்,” என்றாள் கிருஷ்ணவேணி.

கிருஷ்ணவேணிக்கு அப்போது முப்பத்தேழு வயது. முசரவாக்கத்தில் நிலமும் பம்ப்செட்டும் வைத்திருந்த குடும்பம். சிறு பெண்ணாக இருக்கும்போதே, ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றால் மற்றவர்கள் மெக்கானிக்கைத் தேடிப் போவார்கள். அவள் மட்டும் மோட்டார் பக்கத்தில் போய் உட்கார்ந்து கொள்வாள். ஏன் நின்றது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. டைப்ரைட்டிங் படித்தாள். ஒரு ஜவுளிக் கடையின் டிசைன் அறையில் வேலை கிடைத்தது. காகிதத்தில் வரைந்த அன்னத்தையும் மாங்காயையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக மாற்றித் தறிக்கு அனுப்ப வேண்டும். ஒன்பது வருஷம் கட்டங்களையும் பட்டையும் ஜரிகையையும் பார்த்துப் பார்த்துக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். மைக்செட் வைத்திருந்த துரைக்கண்ணுவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு கட்டங்கள் போய் ஒலிபெருக்கிகள் வந்தன. கல்யாண வீட்டில் மைக் கூவினால், பந்தலில் பத்துப் பேர் பத்து யோசனை சொல்ல, அவள் மட்டும் ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்து போய்க் கோளாறு இருக்கும் இடத்தில் நிற்பாள். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியறை எடுத்து, கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு செய்யும் தொழிலையும் ஆரம்பித்தாள்.

அந்த மாடியறைக்குத்தான் போன மாதம் அம்ருதவல்லி மாமி வந்தார். வந்து, மைக் முன்னால் நின்று, கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, “என்னால ஆகாதும்மா” என்று சொல்லிப் படியிறங்கினார்.

படியில் வைத்துத்தான் விஷயம் வெளியே வந்தது. மாமிக்குக் கழுத்தில் கட்டி. சென்னையில் ஆபரேஷன். ‘பேச்சு வந்துவிடும். பாடும் குரல் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது’ என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மாமியிடம் பதினெட்டுப் பாட்டு இருந்தது. அவரும் அவர் தங்கை ஸுபத்ராவும் சிறுமிகளாக ஊஞ்சலில் ஆடிக்கொண்டே தாங்களாகக் கட்டிய பாட்டுகள். அக்கா கேள்வி கேட்பாள். கேள்வி முடிவதற்குள் தங்கை பதிலைத் தொடங்கிவிடுவாள். இரண்டு குரலும் கொஞ்ச தூரம் கைகோத்து நடந்து பிரியும். ஸுபத்ரா இருபத்தேழு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். எந்தத் தாளிலும் எழுதி வைக்காத அந்தப் பாட்டுகளில் இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே தொண்டை மாமியுடையது. திங்கட்கிழமை அந்தத் தொண்டையைத்தான் அறுக்கப் போகிறார்கள்.

மாமியால் யார் முன்னாலும் பாட முடியாது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் பராங்குசமே கதவுக்கு வெளியிலிருந்துதான் கேட்டிருக்கிறார். பெருமாள் அறை, சாத்திய கதவு, விடியற்காலை. அங்கே மட்டும்தான் குரல் வரும். அதுவும் ஆறரைக்குள். அதற்கு மேல் பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்துவிடும்.

ஆகவே கிருஷ்ணவேணி கம்ப்யூட்டரைக் கூடத்தில் வைத்தாள். மைக்கின் ஒயரையும் காதில் மாட்டும் ஹெட்போனின் ஒயரையும் கதவடியில் விட்டு உள்ளே கொண்டுபோனாள். ஆனால் ஒரு குரலைப் பதிந்து, முன்னுக்கு ஓட்டி, அது காதில் ஒலிக்க ஒலிக்க அடுத்த குரலைப் பாட வேண்டுமே. அதற்கெல்லாம் பட்டன் அழுத்துவது யார்? மாமியின் பிள்ளை வசிஷ்ட் புனேயிலிருந்து தன் பழைய டேப்லெட்டை அனுப்பினான். பலகை மாதிரி இருக்கும், பேனாவால் தொட்டால் கேட்கும். கூடத்தில் ஒரு வயர்லெஸ் பெட்டியை வைத்து, கம்ப்யூட்டரின் பட்டன்கள் அத்தனையும் அந்தப் பலகையில் தெரியும்படி செய்து, ஒரு வாரம் தன் கடையில் ஓட்டிப் பார்த்துத் துடைத்து எடுத்துவந்து கொடுத்தாள் கிருஷ்ணவேணி. மாமி தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு பாட்டுப் பதிந்துவிட்டார்.

பன்னிரண்டாவதில் நின்றுபோனது. போன திங்கட்கிழமையிலிருந்து நான்கு விடியற்காலை வீண். செவ்வாயன்று மாமி ஒரு முழுப் பாட்டையும் உயிரைக் கொடுத்துப் பாடிவிட்டுப் பார்த்தால், அதில் ஒரு எழுத்துகூடப் பதிவாகவில்லை.

இன்னும் ஏழு பாட்டு. இன்றைச் சேர்த்து மூன்று விடியல். கழுத்துக் கட்டியோடு ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று பாட்டுத்தான் தாங்கும். இன்றும் போனால் கணக்கு உதைக்கும் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், கிருஷ்ணவேணி புதனும் வியாழனும் பகலில் வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அவள் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தாள், அடுக்களைக்குப் போனாள், மொட்டை மாடிக்குக்கூடப் போனாள். பச்சை விளக்கு அணையவே இல்லை. விடியற்காலையில் மட்டும் இதற்கு என்ன வந்துவிடுகிறது?

“அஞ்சு மணிக்குக் கொழாய்ல தண்ணி வருது. தெருவே மோட்டார் போடுது. வோல்ட்டேஜ் எறங்கி இந்தப் பெட்டி மயங்குதோன்னு பாத்தேன்,” என்று இன்று பேட்டரிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நாலரைக்கே வந்திருந்தாள். இப்போது அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. வயர்லெஸ் பெட்டி பேட்டரியில் சுகமாக ஓடிக்கொண்டிருக்க, உள்ளே பலகை மட்டும் செத்துக் கிடந்தது.

“கோயில் மைக் போட்டிருப்பா,” என்றார் பராங்குசம். “அது குறுக்கே வரதோ என்னவோ.”

“கோயில் மைக்கே என் வூட்டுக்காரரு வெச்சதுதான் சார். அது யாருக்கும் குறுக்க போவாது. சில நாள் அதுக்கே அது கேக்காது.”

கிருஷ்ணவேணி கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு விநாடியும் பலகையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். பலகை ‘இருக்கிறேன்’ என்றால் ஒரு வரி விழும். பதில் இல்லையென்றால் அதையும் ஒரு வரியில் சொல்லும். இப்போது வரிசையாக, பதில் இல்லை, பதில் இல்லை என்றே விழுந்துகொண்டிருந்தது.

“மாமி, எழுந்து நில்லுங்க.”

“நின்னாச்சு.”

பதில் இல்லை.

“ஒக்காருங்க. பலகைய மணை மேல வெச்சிட்டு, கைய எடுங்க.”

சிறிது நேரம் கழித்து, “வெச்சாச்சு,” என்றார் மாமி. இரண்டு வரி பதில் வந்தது, ஒன்று வரவில்லை, மறுபடி ஒன்று வந்தது. திண்டாடுகிற மாதிரி.

“கையில எடுங்க.”

முற்றாக நின்றது.

“என் கைதாம்மா,” என்றார் மாமி. “நீ தொட்டா ஓடறது. இவர் தொட்டா ஓடறது. நான் எடுத்தா நிக்கறது. ஸுபத்ராவுக்கு இஷ்டமில்லை போலிருக்கு.”

“அவங்களுக்கு இஷ்டமில்லன்னா பதினோரு பாட்டு ஏன் விட்டாங்க? மொதப் பாட்டுலயே புடிச்சி நிறுத்தியிருப்பாங்க. வெளிய குடுங்க மாமி அத, நான் பாக்கறேன்.”

“இதோ.”

கிருஷ்ணவேணி கதவைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் இல்லை. பதில் இல்லை. திடீரென்று பதில் வந்தது. பதில், பதில், பதில். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. மாமி பலகையைப் புடவைத் தலைப்பில் தாங்கி வந்து நிலைப்படிக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். ஈரத் தலை முடிச்சு, ஒன்பது கஜம் கட்டிய கோலம். குளித்து மடியாக இருக்கும்போது அவர் யார் கையிலும் எதையும் நேராகக் கொடுப்பதில்லை. பராங்குசத்துக்குக் காபியைக்கூட இப்படித்தான் வைப்பார். கிருஷ்ணவேணிக்கு அது பழகிப் போயிருந்தது.

பலகையை எடுக்காமல் திரையில் விரலை வைத்து எண்ணினாள்.

“எட்டு,” என்றாள்.

“என்ன எட்டு?”

“நான் குடுங்கன்னேன். நீங்க இதோன்னீங்க. கதவு தொறக்கறதுக்கு எட்டு செகண்டு முன்னாடியே இது பேச ஆரம்பிச்சிடுச்சி. அப்ப இது உங்க கையிலதான் இருந்துது, ரூமுக்குள்ளதான் இருந்துது. கையும் இல்ல, செவுரும் இல்ல. அந்த எட்டு செகண்டுல என்னா பண்ணீங்க மாமி?”

“என்ன பண்ணினேன். எழுந்துண்டேன். வந்தேன்.”

“எதையாச்சும் எடுத்து அப்பால வெச்சீங்களா?”

“இல்லையே.”

மாமிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. கிருஷ்ணவேணி அதைப் பார்த்தும் பார்க்காதது போல, “நகை ஏதாச்சும் போட்டுக்கினு இருக்கீங்களா? ஒட்டியாணம் கிட்டியாணம்?” என்றாள்.

“இந்த இடுப்புக்கு ஒட்டியாணம் பண்ணணும்னா நான் இன்னொரு தடவை உத்தியோகத்துக்குப் போகணும்,” என்றார் பராங்குசம்.

“நீங்க சித்த சும்மா இருங்கோளேன்.”

“சரி, திங்கக்கெழமைதான நின்னுது. அன்னைக்கு இந்த ரூம்ல புச்சா என்னா வந்துது? இல்ல, இருந்தது எது போச்சு? இதையே நேத்தும் கேட்டேன். ஒண்ணும் மாறலன்னீங்க.”

மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார். மணி ஐந்து இருபத்தைந்து.

“மாமி,” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள் கிருஷ்ணவேணி. “நான் மத்தியானம் வந்தா இது நல்ல புள்ள வேஷம் போட்டுக்கினு ஓடுது, நான் போனா நிக்குது. இப்பிடிப் பம்ப்செட்டு எங்க ஊர்லயும் ஒண்ணு இருந்துது. ஆள் இல்லாதப்ப அதுல யாரு கை வெக்கறாங்கன்னு பாத்தப்பதான் தெரிஞ்சிது. உங்க பாட்டு போனா எனக்கு ஒண்ணும் இல்ல. நான் மூட்டையக் கட்டிக்கினு போயிடுவேன். போவறது உங்க தங்கச்சி.”

மாமி உள்ளே போனார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் ஒரு துணியை ஏந்திக்கொண்டு வந்தார். அரக்குச் சிவப்பு, ஆனால் சிவப்பு ஓரத்தில் மட்டும்தான். மற்ற இடமெல்லாம் பொன். நாலாக மடித்த, கனமான, பழைய முந்தானை.

“என் கூரைப்புடவையோடது,” என்றார். “புடவை கிழிஞ்சு போச்சு. முந்தானை மட்டும் கெட்டியா இருந்தது. இதுல சுத்தித்தான் அதை எடுப்பேன். முன்னாடி எங்கம்மாவோட பட்டுத் துண்டு ஒண்ணு இருந்தது, வெறும் பட்டு. அது போன ஞாயித்துக்கிழமை நாராக் கிழிஞ்சுடுத்து. அதான் இதை எடுத்தேன்.”

கிருஷ்ணவேணிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. குளித்த உடம்போடு அந்தப் பலகையைத் தொட்டால் மடி போய்விடும். பட்டுக்கு அந்தத் தோஷம் இல்லை. பட்டைக் கொண்டு எடுத்தால், தொடாத மாதிரி. பாடி முடித்து நேராக அடுப்பங்கரைக்குப் போய்ப் பெருமாளுக்குத் தளிகை பண்ணலாம்.

“யார் தொட்டிருந்தாலும் இதேதாண்டி,” என்றார் மாமி. அவர் கிருஷ்ணவேணியை ‘டி’ போட்டது அதுதான் முதல் தடவை. “இவர் தொட்டாலும், என் பிள்ளை தொட்டாலும். ஆனா நீ ஒரு வாரம் வெச்சுண்டு, ராத்திரியும் பகலும் ஓட்டிப் பாத்து, உன் முந்தானையால துடைச்சு, ‘இந்தாங்க மாமி’ன்னு குடுத்தே. அதை நான் துணியால சுத்திண்டுதான் எடுக்கறேன்னு உன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? நாக்கு வரலை.”

இந்தப் பெண்மணி நான்கு விடியற்காலை தன் தங்கையை இழந்திருக்கிறார். மற்றொருத்தியின் முகம் வாடிவிடக் கூடாதே என்று வாயைத் திறக்கவில்லை. கிருஷ்ணவேணி முகம் வாடவில்லை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் வாடத்தான் செய்தது. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“தொடலாமா?” என்றாள், முந்தானையைக் காட்டி.

மாமி அவளைப் பார்த்தார். பிறகு தானே இரண்டடி முன்னால் வந்து, துணியை அவள் கையில் வைத்தார். “தொடு.”

கிருஷ்ணவேணி அதை விரித்தாள். விரல்கள் தாமாகவே ஓரத்துக்குப் போய், ஊடையைத் தடவி, தேய்ந்துபோன ஒரு இடத்தில் நின்றன. பையிலிருந்து ஒயர் சோதிக்கும் மீட்டரை எடுத்து, அதன் இரண்டு ஊசிகளையும் ஒரு முழ இடைவெளியில் முந்தானை மேல் வைத்தாள்.

‘பீப்ப்ப்’ என்று மீட்டர் நீளமாகக் கத்தியது. பராங்குசம் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

“இது துணி இல்ல மாமி, தகடு. அசல் வெள்ளி. ஒவ்வொரு இழையிலயும் வெள்ளியச் சுத்தி அதும் மேல தங்கம். அத நாலு மடிப்பு மடிச்சி, இந்தப் பலகைய மூஞ்சி மட்டும் தெரியறாப்பல தாம்பூலப் பை மாதிரி சுருட்டி வெச்சா, சிக்னல் எப்பிடி உள்ள போவும்? இரும்புப் பொட்டிக்குள்ள பூட்டி வெச்சி ‘பேசு பேசு’ன்னா பேசுமா? உங்கம்மா துண்டு வெறும் பட்டு, அது வழி வுட்டுது. ஒன்பது வருஷம் ஜரிகையோட மாரடிச்சிட்டு, இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க.”

“அசல்னா சொன்னே?” என்றார் பராங்குசம்.

“முப்பத்தஞ்சு வருஷம் கறுக்கல. தேஞ்ச எடத்துல உள்ள செவப்பு நூலு தெரியுது. அசல்தான் சார்.”

“கேட்டுக்கோ அம்ருதா. எங்கப்பா டூப்ளிகேட் ஜரிகை வாங்கிட்டார், டூப்ளிகேட் ஜரிகை வாங்கிட்டார்னு உங்காத்து மனுஷா சொல்லாத நாளில்லை. மீட்டரே சொல்லிடுத்து.”

“சரி, உங்கப்பா ஜெயிச்சார். என் பாட்டுத்தான் போச்சு.”

கிருஷ்ணவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, “ஆனா மைக்கும் நான் தொட்டதுதான மாமி?” என்றாள்.

“அதை நான் எங்கே தொட்டேன். வாயாலன்னா பாடறேன்.”

“காதுல மாட்டறது?”

மாமி சங்கடத்தோடு, “தலையப் புடவைத் தலைப்பால மூடிண்டு, அதுக்கு மேல மாட்டிண்டேன்,” என்றார்.

“அதான் பதினோரு பாட்டுலயும் ‘சரசர’ன்னு ஒரு சத்தம். எலியோன்னு நெனச்சேன். ரெண்டு நாளா அத எடுக்கறதுக்குப் போராடிக்கினு இருக்கேன்.”

பராங்குசம் வாய்விட்டுச் சிரித்தார். மாமியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மணி ஐந்து முப்பத்தைந்து. கிருஷ்ணவேணி எழுந்தாள். “ஜரிகை இல்லாத பட்டு ஒண்ணு எடுத்துக்கினு வாங்க, சுத்திக்கலாம்.”

“காஞ்சிபுரத்துல உக்காந்துண்டு ஜரிகை இல்லாத பட்டுக்கு நான் எங்கே போவேன்?”

“சாரோட பட்டு வேட்டி இருக்குமே. கரையில மட்டும்தான் ஜரிகை. நடுவால சுத்திக்குங்க, கரை வெளிய தொங்கட்டும். அது போதும்.”

வழி சுலபமாகவே இருந்தது. பீரோவைத் திறந்தால் வேட்டி. ஆனால் மாமி நகரவில்லை. தரையில் கிடந்த பலகையையும், கிருஷ்ணவேணி கையிலிருந்த முந்தானையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பட்டு வழுக்கறதுடி,” என்றார் கடைசியில். “ஒரு கையால துணியப் பிடிச்சுண்டு, ஒரு கையால பேனாவப் பிடிச்சுண்டு, பட்டனை அழுத்தறதுக்குள்ள மூச்சு பாதி போயிடறது. ஸுபத்ரா பதிலுக்கு வர இடத்துல எனக்கு மூச்சு வேணும்.”

“எனக்காக ஒண்ணும் பண்ணாதீங்க மாமி. எனக்கு வருத்தமில்ல.”

“உனக்கு வருத்தம்தான். இருக்கட்டும். நான் சொல்றது பாட்டுக்கு.”

“அப்ப, பாடி முடிச்சிட்டு இன்னொரு தபா குளிச்சிட்டுத் தளிகை பண்ணிக்குங்க.”

“இந்தக் கழுத்தோட விடியறதுக்குள்ள ரெண்டு ஸ்நானமா?” என்று குறுக்கே வந்தார் பராங்குசம். “சளி பிடிச்சா நாளைக்குக் குரல் எங்கேருந்து வரும்?” பேசிக்கொண்டே சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். “கோயில் மடைப்பள்ளில யார் சமைக்கறா? ஆம்பிளைகள்தானே. இந்த மூணு நாளைக்குத் தளிகை என்னுது. நான் குளிச்சு மடி உடுத்திண்டு வரேன். நீ எதை வேணும்னாலும் தொடு.”

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உப்பு எந்த டப்பால இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

“முப்பத்தஞ்சு வருஷமா பச்சை மூடி போட்ட டப்பாலதானே இருக்கு.”

“அது மாத்தி ஆறு மாசமாச்சு. பச்சை மூடில இப்போ சோடா உப்பு. நீங்க பாட்டுக்குப் பெருமாளுக்குச் சோடா உப்புச் சாதம் கண்டருளப் பண்ணிடாதேள்.”

“நக்கிப் பாத்துட்டுப் போடறேன்.”

“நக்கினா மடி ஏது.”

பராங்குசம் தலையைச் சொறிந்துகொண்டே கிணற்றடிக்குப் போனார். வாளி உருளும் சத்தம் கேட்டது.

மாமி குனிந்தார். தரையில் இருந்த பலகையை வெறும் கையால் எடுத்தார். முதலில் விளிம்பை மட்டும் பிடித்தார். பிறகு உள்ளங்கை முழுவதும் கொடுத்து, குழந்தையை இடுப்பில் வைப்பது போல அணைத்துக்கொண்டார். கிருஷ்ணவேணி திரும்பித் திரையைப் பார்த்தாள். பதில். பதில். பதில். மாமி அறைக்குள் போனார், பதில். மணையில் உட்காரும் சத்தம் கேட்டது, பதில்.

“சாம்பல் போயிடுத்து,” என்றது உள்ளிருந்து குரல். “சிவப்பா இருக்கு.”

“அழுத்துங்க மாமி. தலையில துணி வாணாம்.”

“நீ அங்கேயே இருக்கப் போறியா?”

கிருஷ்ணவேணி பையை எடுத்தாள். “கெளம்பிக்கினே இருக்கேன்.”

“இரு,” என்றார் மாமி. “முதல் குரல் முடியற வரைக்கும் இரு. பதியறதான்னு நீ ஒரு தடவை பாத்துச் சொல்லு. ஆனா திரும்பிப் பாக்காதே.”

கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. கிருஷ்ணவேணி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மாமி பாடினார். கட்டி அழுத்துகிற தொண்டை. மேலே போகும்போது லேசாகக் கீறியது. ஆனால் அந்தக் கீறலுக்கு நடுவே பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஊஞ்சலில் வீசி வீசி ஆடினாள். குளத்துக்குக் குடை பிடிச்சது யாருடி, என்று கேட்டாள். திரையில் சிவப்புக் கோடு மலை மலையாக எழுந்தது. பிறகு தட்டையாக ஓடியது. மாமி வாயை மூடிக்கொண்டு, இன்னொருத்தி பதில் சொல்வதற்காக நான்கு தாளம் காத்திருந்தார். மறுபடி மலை. மறுபடி வெட்டவெளி. கேள்வி கேள்வியாகப் பாட்டு நகர்ந்தது. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் அந்த நான்கு தாளம் காலியாக ஓடும்போது, கிருஷ்ணவேணிக்குத் தன் மூச்சுச் சத்தம்கூடப் பதிவாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

பாட்டு முடிந்தது. பேனா தட்டும் மெல்லிய சத்தம். சிவப்புக் கோடு நின்றது.

“பதிஞ்சிடுச்சி மாமி. முழுசா.” திரும்பாமலே கேட்டாள். “கொளத்துக்குக் கொடை புடிச்சது யாரு?”

“அது நான் சொல்ற பதில் இல்லை. அவ சொல்றது.” மாமி எழுந்து நிலைப்படிக்கு வந்திருந்தார், பலகையை மார்போடு பிடித்தபடி. “இப்போ அவ பாடணும். அதுக்கு நீ இருக்கப்படாது. யாரும் இருக்கப்படாது.”

“நாளைக்கு நான் வரணுமா?”

“வேண்டாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து எல்லாத்தையும் எடுத்துண்டு போ. ஏழும் இருக்கும். எலி இருக்காது.”

கிருஷ்ணவேணி முந்தானையை மடித்து நாற்காலியில் பராங்குசத்தின் சட்டை மேல் வைத்தாள். மீட்டரையும் நோட்டையும் பையில் போட்டாள். பேட்டரிப் பெட்டியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். கிணற்றடியிலிருந்து ஈர வேட்டியோடு வந்த பராங்குசம், ஒதுங்கி ஒதுங்கி, யார் மேலும் படாமல் சுவரை ஒட்டியபடி அடுக்களைக்குள் போனார். “வழி, வழி” என்று சொல்லிக்கொண்டே போனார்.

மாமி வாசல் வரை வந்தார். தெருவில் இன்னும் முழுதாக வெளிச்சம் வரவில்லை. எதிர் வீட்டில் யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

“வரேன் மாமி.”

“போயிட்டு வா.” மாமி அவள் தோளில் ஒரு தரம் கையை வைத்து எடுத்தார். அந்தக் கை சில்லென்று இருந்தது.

கிருஷ்ணவேணி படியிறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். அங்கே போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இங்கே செய்தால் மைக்கில் விழும். பத்தடி போவதற்குள் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.